பல தொழில் கண்ட பார்சன்ஸ்

நான் பயிலும் துறை யாது என்று வினவும் சங்கத் தோழர்களிடம், பள்ளி மாணவர்க்கு ஆலோசகராய் இருக்கப் பயில்கிறேன் என்றால், அப்படியும் ஒரு படிப்பு உண்டா என்று வியக்கின்றனர். உண்டு. அதற்கு ஒரு தொடக்கமும் உண்டு. அத் தொடக்கத்தில் நிற்பவர் பிராங்க் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் வாழ்வை நம் இதழில் எழுத வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆவல்.

பார்சன்ஸ் 1854ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் பிறந்தார். கூர்த்த மதியினர். கார்னெல் பல்கலைக் கழகத்தில் பொறியியல் கற்று, 1873இல், பதினெட்டு வயதிலேயே பட்டம் பெற்றார். இருப்புப் பாதை நிறுவனம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. அவ்வாண்டே அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி தாக்கியது, நிறுவனம் வீழ்ந்தது, வேலையும் போயிற்று. பட்டம் பெற்ற இளைஞர் இரும்பாலையில் உடலுழைப்புக்குச் சென்றார். பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். பிறகு சட்டம் பயின்று 1881இல் வழக்கறிஞரானார். அப்படிப்பின் கடுமையால் உடல் நலிந்தது. நியூ மெக்சிகோ வெளிகளில் சில ஆண்டுகள் தங்கித் தேற வேண்டியதாயிற்று.

பாஸ்டன் நகருக்குத் திரும்பிய பின்பும் ஒரு நிலையில் நின்றாரில்லை. வழக்காடும் தொழில் அவருக்கு ஒவ்வவில்லை. சட்ட நூல்கள் எழுதினார். பாஸ்டன் பல்கலைக் கழகத்தில் சட்டம் கற்பித்தார். 1895இல் நகர மேயர் தேர்தலில் நின்று தோற்றார். கான்சாஸ் மாநில வேளாண்மைக் கல்லூரியில் 1897இல் பேராசிரியரானார். அங்கு அரசியல் காற்று மாறவே 1899இல் அப்பதவியும் நீங்கிற்று. இத்தனை தொழில் மாறிய ஒருவரிடம் நம் வீட்டுப் பெரியோர் யோசனை கேட்க அனுப்புவார்களா? மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். ஆனால் எந்தத் தொழில் யாருக்கு ஏன் பொருந்தாமற் போகிறது என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர்.

பாஸ்டனின் வடகோடிப் பகுதி, இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடம். அங்கே குடிமைப் பணி இல்லம் என ஒரு நிலையம் இருந்தது. உழைப்பாளர்க்கென அங்கு 1905இல் மாலைக் கல்லூரி ஒன்றைப் பார்சன்ஸ் தொடங்கினார். பள்ளிப் படிப்பை முடிக்கும் இளைஞர்களோடு பேசியபோது, அடுத்து என்ன செய்வது என்று பலருக்கும் தெரியவில்லை. யாரோ சொன்ன வேலை, கண்ணில் முதலில் பட்ட வேலை, இதுவே அவர்கள் வழி. குதிரை வாங்குவோன் காட்டும் கவனங்கூட இதில் இல்லையே என அவர் உள்ளம் நொந்திருக்க வேண்டும். பாலின் ஷா என்னும் செல்வப் பெண்மணி பொருளுதவி செய்ய, 1908 ஜனவரியில் அதே இல்லத்தில் தொழில் வழிகாட்டு நிலையம் பிறந்தது. அவ்வாண்டு மே மாதத்திற்குள் பதினைந்து வயதுச் சிறுவர் முதல் எழுபத்திரண்டு வயது முதியவர் வரை எண்பது பேர் நாடி வந்தனர்.

அவர் முறை எளியது. வந்தவர் முதலில் தம்மைத் தாமே ஆராய வேண்டும். திறமை, விருப்பம், உடல்நிலை, குடும்ப நிலை, பழகும் முறை ஆகியன பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்கள். அடுத்து, தொழில்களின் கூலி, தேவை, வளர்ச்சி முதலியவற்றை அறிய வேண்டும். பின்பு இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். முடிவு வந்தவருடையது; ஆலோசகர் முடிவு செய்தல் கூடாது. அன்று நிலவிய தவறான நம்பிக்கையால், வந்தவரின் தலையமைப்பையும் உற்று நோக்கச் சொன்னார். இன்றைய உளவியல் அதை ஏற்பதில்லை. ஆனால் முடிவு யாருடையது என்பதில் அவர் கொண்ட உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் இல்லங்களில் மகன் பொறியியலா மருத்துவமா என்பது அவன் எட்டாம் வகுப்பிலேயே தீர்ந்துவிடுகிறதன்றோ!

நல்லெண்ணம் மட்டும் ஆலோசகருக்குப் போதாது, பயிற்சி வேண்டும் என்றும் அவர் கண்டார். கல்வியோடு ஆசிரியப் பணியிலோ வாணிபத்திலோ சமூகப் பணியிலோ பட்டறிவு உடையோரையே சேர்த்தல் வேண்டும் எனப் பயிற்சிப் பள்ளிக்குத் திட்டம் வகுத்தார். ஆனால் 1908 செப்டம்பர் 26ஆம் நாள், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் நோயால் மறைந்தார். அவர் எழுதிய நூல் அடுத்த ஆண்டுதான் அச்சேறியது. பாஸ்டன் பள்ளிகளில் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் ஆலோசகராய் அமர்ந்ததும், 1911இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் அவர் தோழர் மேயர் புளூம்ஃபீல்டு இப்பாடத்தை நடத்தியதும் அவர் காணாதவை.

இந்தியாவில் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1954இல் தில்லியில் மத்திய வழிகாட்டு நிலையம் தோன்றியது. எங்கள் வகுப்பில் பார்சன்ஸின் வினாப் பட்டியலை ஒவ்வொருவரும் முதலில் தமக்கே எழுதிப் பார்த்தோம். நிலைக்கண்ணாடி முன் நின்று தம் தோற்றத்தைத் தாமே மதிப்பிடும் பகுதியும் அதில் உண்டு. எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன.