ஸ்காட் காட்டிய வழியும் கல்கி நடந்த பாதையும்

தமிழகத்தின் வால்டர் ஸ்காட் என்று கல்கியைப் போற்றுவது நம்மவர் வழக்கம். இப்பாராட்டின் முழுப்பொருளை உணர, முதலில் அந்த ஸ்காட்லாந்துக் கதாசிரியரைச் சற்றே அறிதல் வேண்டும்.

1771இல் எடின்பரோ நகரில் பிறந்த ஸ்காட், குழந்தைப் பருவத்திலேயே நோயால் ஒரு கால் ஊனமுற்றார். பாட்டனாரின் பண்ணையில் வளர்ந்தபோது எல்லைப்புற மக்களின் கதைப்பாடல்கள் அவர் செவியில் விழுந்தன. கவிஞராகப் புகழெய்திய பின்னர், 1814இல் ‘வேவர்லி’ என்னும் நாவலைத் தம் பெயரை மறைத்து வெளியிட்டார். கற்பனை இளைஞன் ஒருவனை வரலாற்றுப் பெருமக்களின் நடுவே உலவவிட்டு, அவன் கண்வழியே ஒரு காலத்தையே காட்டும் முறையை அந்நாவல் உலகெங்கும் பரப்பியது. 1826இல் பெருங்கடனில் வீழ்ந்த அவர், எழுதியே கடனைத் தீர்க்க முனைந்து உழைத்து, 1832இல் மறைந்தார். பிரான்சில் டூமாவும் வங்கத்தில் பங்கிம் சந்திரரும் அவ்வழியில் நடந்தனர்.

தமிழில் அம்முறைக்குப் பேருருவம் தந்தவர் கல்கி. 1899இல் தஞ்சை மண்ணின் புத்தமங்கலத்தில் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, ஒத்துழையாமை இயக்கத்தின்போது பள்ளிப் படிப்பைத் துறந்தார். 1922இல் சிறை புகுந்தார். திரு.வி.க.வின் ‘நவசக்தி’யிலும், இராஜாஜியின் ‘விமோசன’த்திலும், பின்னர் ‘ஆனந்த விகட’னிலும் பணியாற்றி, 1941இல் சதாசிவத்துடன் இணைந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகியவற்றுக்குப் பின், 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வெளிவந்தது. அது நிறைவுற்ற ஆண்டிலேயே, டிசம்பர் 5ஆம் நாள், அவர் காலமானார்.

குந்தவையின் கணவர் என்ற அளவில் கல்வெட்டில் சிறுகுறிப்பாக நிற்கும் வந்தியத்தேவனை அவர் கதை முழுவதும் குதிரையேற்றி நடத்தினார். உடையார்குடிக் கல்வெட்டின் சில வரிகள் ஆதித்த கரிகாலன் கொலையைச் சுற்றிய சூழ்ச்சியாக விரிந்தன. கல்வெட்டைப் பாவாக விரித்து, கற்பனையை ஊடையாகக் கோத்த நெசவு அது. ஸ்காட்டின் நாவல்களால் ஸ்காட்லாந்தின் பழமை ஐரோப்பாவுக்கு அறிமுகமானது போல, கல்கியால் சோழர் வரலாறு தமிழர் இல்லந்தோறும் புகுந்தது. 2022இலும் 2023இலும் வந்த திரைப்படங்கள் அதனைப் புதிய தலைமுறையினரிடமும் சேர்த்தன.

இச்செல்வாக்கு சந்தவாசல் வட்டாரத்தாருக்கு ஒரு கடமையையும் உணர்த்துகிறது. சம்புவரையர் என்றதும் வாசகர் நினைவுக்கு வருவது கடம்பூர் மாளிகையும் அங்கு நடந்த சதியாலோசனையுமே. ஆயின் வரலாற்றில் சம்புவராயர்கள் ஓங்கி நின்றது பிற்காலச் சோழர் ஆட்சியிலும் அதன் பின்னருமாகும். சோழப் பேரரசு மறைந்தபின் தனியரசாக விளங்கிய அவர்களின் தலைநகர், நம்மை அடுத்துள்ள படவேடு. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரக் குமார கம்பணனின் படையெடுப்பால் அவ்வரசு வீழ்ந்தது. கோட்டையும் கோயில்களும் கொண்டிருந்த அந்நகரின் எழுச்சியும் வீழ்ச்சியும் நெடுங்கதைக்கும் காவியத்துக்கும் உரியவை.

கல்கி தம் ஆற்றங்கரையின் கதையைச் சொன்னார். ஸ்காட்டும் தாம் கேட்டு வளர்ந்த பாடல்களிலிருந்தே தொடங்கினார். பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக் கவிஞர்கள் படவேட்டுக் கல்வெட்டுகளைப் பயின்று, அம்மன்னரையும் அவர்தம் குடிகளையும் தமிழில் உயிர்ப்பிக்க முன்வருதல் வேண்டும். அதற்கான நூல் நம் வட்டத்திலிருந்தே எழுமாயின், கல்கிக்கு நாம் செலுத்தும் தகுந்த அஞ்சலியாக அமையும்.