யார் இந்த புச்சி பாபு? வெள்ளைக்காரர்களுக்குச் சமமாக மெட்ராஸ் பசங்களைக் களமிறக்கியவர்!

ஊத்துக்கோட்டையில் பேட் பிடிக்கிற பசங்க வரைக்கும் 'புச்சி பாபு டிராபி' பேர் தெரியும். ஆனா, அந்த மனிதர் யார்?

1868இல் பிறந்த வெங்கட மஹிபதி நாயுடுதான் புச்சி பாபு. மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வளர்ந்த வசதியான வீட்டுப் பிள்ளை. நல்ல பேட்ஸ்மேன்.

என்ன பிரச்னை?

சேப்பாக்கம் அப்போ வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கையில் இருந்தது. ஆட வந்த இந்தியர்களுக்கு பெவிலியனில் இடமில்லை, மரத்தடிதான்.

என்ன செய்தார்?

ஒதுங்கிப் போகல. 1888இல் இந்தியர்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஆட்டக்காரர், நிர்வாகி ஆனார். அணியை வளர்த்து, ஐரோப்பியர் - இந்தியர் மோதும் போட்டிக்கு எதிர்த்தரப்பைச் சம்மதிக்கவும் வைத்தார்.

பார்க்க முடிந்ததா?

இல்லை. 1908 டிசம்பரில் போட்டிக்குச் சில நாள் முன்பு இறந்துவிட்டார். ஆனாலும் போட்டி நிற்கல. பிரசிடென்சி மேட்ச் என்ற பேரில் பின்னாளில் மெட்ராஸின் பொங்கல் கொண்டாட்டமாகவே ஆனது.

மகன் சி.ராமசாமி 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும், 1936இல் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடினார். 'தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை' என்று புச்சி பாபுவைச் சொல்வது இதனால்தான்.