பேட்ரிக் கெடிஸ்: பிளான் போடும் முன் ஊரைச் சுற்றிப் பார்க்கச் சொன்னவர்

2022 செப்டம்பரில் பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போன வீடியோக்கள் உங்கள் நினைவில் இருக்கும். அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் ஏரிகளும், ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் ராஜகால்வாய்களும் இருந்தன. அவற்றில் பல தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போயின. கட்டடங்களுக்கு பிளான் இருந்தது, அப்ரூவல் இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற கேள்விக்குத்தான் சரியான இடம் இல்லை.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுத்தான் பிளானைத் தொட வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே இந்தியா முழுக்கச் சுற்றிச் சொன்னவர் ஒருவர் இருந்தார். பெயர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். படித்தது உயிரியல், வேலை தாவரவியல் பேராசிரியர். நகரத் திட்டமிடல் என்ற துறையை உருவாக்கியவர்களில் ஒருவராக இன்று உலகம் அவரை வைத்துப் பேசுகிறது.

தாவரவியல்காரருக்கு நகரத்தில் என்ன வேலை?

கெடிஸ் 1854 அக்டோபர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பல்லட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர். சிறுவயதில் வளர்ந்தது பெர்த் நகரின் மலையோரத்தில். அங்கிருந்து பார்த்தால் மலை, காடு, வயல், ஆறு, ஊர் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பிறகு அவர் உருவாக்கிய 'பள்ளத்தாக்கு வெட்டுத்தோற்றம்' என்ற வரைபடத்துக்கு விதை இதுதான். மலை உச்சியிலிருந்து கடல் வரை ஒரு கோடு போட்டு, எந்த நிலத்தில் என்ன தொழில், எப்படிப்பட்ட வாழ்க்கை என்று காட்டும் படம் அது. குறிஞ்சியிலிருந்து நெய்தல் வரை நிலத்தை வைத்தே வாழ்க்கையைப் பிரித்துப் படித்த நமக்கு இது ஒன்றும் புரியாத விஷயம் இல்லை.

லண்டனில் டி.ஹெச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். 1879-இல் ஆய்வுக்காக மெக்சிகோ போனபோது கண் பார்வை பாதிக்கப்பட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியது. ஆனால் மைக்ராஸ்கோப்பே கதி என்று இருக்கும் ஆராய்ச்சி இனி முடியாது என்றானது. அதன் பிறகுதான் அவர் கவனம் மெல்ல மெல்ல மனிதர்கள் வாழும் இடங்களின் பக்கம் திரும்பியது.

1884-இல் எடின்பரோவில் பொருளாதாரம் பற்றி ஓர் ஆய்வுரை வைத்தார். ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதைப் பணக் கணக்கில் பார்க்காமல், ஆற்றல் கணக்கிலும் மூலப்பொருள் கணக்கிலும் பாருங்கள் என்றார். தோண்டி எடுக்கும்போது எவ்வளவு வீண், தயாரிப்பில் எவ்வளவு வீண், கொண்டுபோய் விற்பதில் எவ்வளவு வீண், கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டமாக எழுதச் சொன்னார். இன்று உங்கள் கம்பெனியில் சஸ்டெயினபிலிட்டி டீம் ஒரு பொருளின் முழு ஆயுளுக்கும் கணக்குப் போடுகிறதே, அதன் பழைய முன்னோடிகளில் இதுவும் ஒன்று.

சேரிக்குக் குடிபோன பேராசிரியர்

1886-இல் ஆனா மார்ட்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷமே தம்பதி இருவரும் எடின்பரோ பழைய நகரில், நெருக்கடியும் அழுக்கும் நிறைந்த ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்புக்குக் குடிபோனார்கள். வசதியானவர்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்ட இடம் அது. அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைச் சுத்தம் செய்தார்கள், சுவருக்கு வண்ணம் அடித்தார்கள், ஜன்னலில் செடி வைத்தார்கள். இடிந்து விழும் நிலையில் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் பழுது பார்த்தார்கள்.

1892-இல் அதே பழைய நகரில் 'அவுட்லுக் டவர்' என்ற கோபுரத்தைத் தன் வசம் எடுத்தார். உச்சியில் ஏறினால் ஊர் முழுவதையும் பார்க்கலாம். கீழே இறங்க இறங்க எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று ஒவ்வொரு தளத்திலும் ஒரு கண்காட்சி. முதலில் உன் ஊரைப் பார், அப்புறம் உலகத்தோடு சேர்த்துப் பார் என்பதுதான் பாடம்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததால் 1914-இல் கெடிஸ் இந்தியாவுக்குக் கிளம்பினார். பல வருஷமாகச் சேர்த்த வரைபடங்களும் படங்களும் தனிக் கப்பலில் வந்தன. முதல் உலகப்போர் தொடங்கியிருந்த நேரம். செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசியதே, அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபரில் அந்தக் கப்பலை மூழ்கடித்தது. மொத்தக் கண்காட்சியும் கடலுக்குள் போனது.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த கப்பலில் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களைச் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது.

தஞ்சாவூரில் என்ன செய்தார்?

அந்தக் காலத்தில் நெரிசலான தெருவைச் சீர்படுத்துவதற்கு இன்ஜினியர்களிடம் இருந்த வழி ஒன்றுதான்: வரைபடத்தில் நேர்கோடு போடு, குறுக்கே வரும் வீடுகளை இடி, அகலமான ரோடு போடு. தஞ்சாவூர் கோட்டைப் பகுதிக்கும் அப்படி ஒரு பிளான் தயாராக இருந்தது.

கெடிஸ் செய்த முதல் வேலை, நடப்பது. எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள், எது பாழடைந்தது, கிணறு எங்கே, மரம் எங்கே, சின்னக் கோயில் எங்கே என்று சந்து சந்தாகப் பார்த்துக் குறித்தார். பாழடைந்த கட்டடங்களை மட்டும் எடுத்தாலே காற்றும் வெளிச்சமும் வரும், அந்தக் காலியிடத்தில் மரம் வைக்கலாம் என்று மாற்றுத் திட்டம் கொடுத்தார். இதற்குச் செலவு இன்ஜினியர் திட்டத்தில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் என்று கணக்குக் காட்டினார். இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்சர்வேடிவ் சர்ஜரி'. அழுகியதை மட்டும் வெட்டி, உயிருள்ளதை விட்டுவைக்கும் அறுவைச் சிகிச்சை.

அவருடைய வாதம் வெறும் பழமைப் பாசம் கிடையாது. வீட்டை இடித்தால் அங்கே இருந்தவர்கள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. பக்கத்துத் தெருவில் நெருக்கியடித்துக் குடியேறுவார்கள், வாடகை ஏறும், அங்கே புதுச் சேரி முளைக்கும். ஆக, இடிப்பதன் செலவை யாரோ ஓர் ஏழை கட்டுகிறார்; பட்ஜெட்டில் மட்டும் அது வராது.

குளங்களிலும் இதே நிலைப்பாடுதான். மலேரியாவைக் காரணம் காட்டிக் குளங்களை மூட அதிகாரிகள் துடித்தார்கள். மீனும் வாத்தும் விடுங்கள், கொசுப் புழுவை அவை தின்றுவிடும், குளம் ஊரைக் குளிர்ச்சியாக வைக்கும் என்றார் கெடிஸ். மூடிய குளங்களின் மேல் எழுந்த நம் நகரங்களில் மழைக்காலம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தூரில் ஒரு தீபாவளி

இந்தூர் சமஸ்தானத்தில் பிளேக் பரவிய சமயம். ஊரைச் சுத்தம் செய்ய உத்தரவு போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தீபாவளியைப் பிடித்துக்கொண்டார். எந்தத் தெருவில் அதிக வீடுகளைச் சுத்தம் செய்து பழுது பார்த்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் இந்த முறை ஊர்வலம் வரும் என்று அறிவிக்க வைத்தார். தெருவுக்குத் தெரு போட்டி. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் பிளேக்கைக் குறிக்கும் பெரிய எலி பொம்மை வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடுத்து, மாலை போட்டு, மரியாதையோடு நடந்து வந்தார்கள்.

1918-இல் இந்தூருக்காக இரண்டு தொகுதிகளில் அறிக்கை எழுதினார். கழிவு எல்லாவற்றையும் பெருஞ்செலவில் சாக்கடைக்குழாயில் தள்ளி ஆற்றில் விடாமல், மண்ணுக்கும் தோட்டத்துக்கும் திருப்புங்கள் என்பது அதில் அவர் வைத்த முக்கியமான வாதம். 2017-லிருந்து ஸ்வச் சர்வேக்‌ஷன் பட்டியலில் வருஷாவருஷம் முதலிடம் பிடித்த ஊர் இந்தூர். அதை நேராகக் கெடிஸ் கணக்கில் எழுத முடியாது. ஆனால் மக்கள் இறங்காமல் ஊர் சுத்தமாகாது என்பதை அந்த ஊரில் முன்பே நிரூபித்தவர் அவர்.

இழந்ததும் ஜெயிக்காததும்

1917 அவருக்குக் கொடுமையான வருஷம். மூத்த மகன் அலஸ்டெர் ஏப்ரலில் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். ஆனா அப்போது கல்கத்தாவில் நோய்ப்படுக்கையில் இருந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் சொல்ல கெடிஸுக்கு மனம் வரவில்லை. அது தெரியாமலேயே ஆனாவும் ஜூனில் இறந்துபோனார். இந்தூர் அறிக்கை இந்தத் துக்கத்துக்குப் பிறகு முடிக்கப்பட்டது.

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். சுமார் 50 இந்திய ஊர்களுக்கு அறிக்கை எழுதினார். பெரும்பாலானவை அலமாரியில் தூங்கின. காரணம் இருக்கிறது. அவருக்கு அதிகாரம் எதுவும் இல்லை. ஆலோசனை சொல்லத்தான் முடியும். ஆளுநர்களையும் மகாராஜாக்களையும் நம்பியே வேலை செய்தார். அவர்கள் மனம் மாறினால் திட்டமும் போச்சு. தாங்கள் போட்ட பிளானைக் குறை சொல்ல வந்தவரை நகராட்சி இன்ஜினியர்கள் ரசிக்கவில்லை. பிறகு 1925-இல் டெல் அவிவ் நகருக்கு அவர் போட்ட திட்டம்தான் பெருமளவு நடைமுறைக்கு வந்தது. 1932 ஏப்ரல் 17-இல் பிரான்சின் மோன்பெலியேவில் காலமானார்.

இன்று உங்களுக்கு இதில் என்ன?

கெடிஸிடம் சட்டம் இல்லை. நம்மிடம் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994-இல் கட்டாயமானது. 2006-இல் புது அறிவிக்கை வந்தது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கை தர வேண்டும் என்று 2022–23-லிருந்து செபி கட்டாயமாக்கியிருக்கிறது.

பிரச்சினை வரிசையில் இருக்கிறது. பெரும்பாலும் முதலில் இடம் முடிவாகிறது, பிறகு முதலீடு, பிறகு டிசைன். கடைசியில்தான் ஒரு கன்சல்டன்ட்டைக் கூப்பிட்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் அந்த அறிக்கை 'இங்கே கட்டக் கூடாது' என்று சொன்னால் கேட்க யார் தயாராக இருப்பார்கள்? கெடிஸ் சொன்ன வரிசை நேர்தலைகீழ்: முதலில் கள ஆய்வு, அப்புறம் என்ன கோளாறு என்ற கணிப்பு, அதற்குப் பிறகுதான் திட்டம்.

நீங்கள் ஆர்க்கிடெக்ட்டாக இருக்கலாம், ஃபைனான்ஸில் இருக்கலாம், புது ஆபீஸுக்கு இடம் தேடும் டீமில் இருக்கலாம். இடம் முடிவாகாத முதல் மீட்டிங்கிலேயே சில கேள்விகளை எழுப்பிப் பாருங்க. மழைத் தண்ணீர் இங்கே எந்தப் பக்கம் ஓடுகிறது? பழைய வருவாய் வரைபடத்தில் இந்த இடம் என்னவாக இருந்தது? இப்போது இங்கே யார் வாழ்கிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள்? நம் கணக்கில் வராத செலவை யார் கட்டப் போகிறார்கள்? பதில் வரும் வரை டிசைன் காத்திருக்கட்டும். அந்தக் கட்டத்தில் இடத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு மீட்டிங்தான்.