'சாஃபிக்': காதலுக்கும் யாப்புக்கும் ஒரே பெயர்... யார் இந்த சாஃபோ?

இன்ஸ்டாகிராம் பயோக்களில் 'சாஃபிக்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். பெண்ணுக்குப் பெண் மீது வரும் காதலைக் குறிக்கும் சொல். அகராதியைப் புரட்டினால் இன்னொரு அர்த்தமும் இருக்கும்: ஒரு பாவகை. இரண்டுக்கும் காரணம் ஒரே பெண்.

கி.மு. 630 வாக்கில் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் பிறந்தவர் சாஃபோ. 'லெஸ்பியன்' என்ற சொல்லும் இந்தத் தீவின் பெயரில் இருந்து வந்ததுதான். வசதியான குடும்பம். அண்ணன் தம்பிகளில் ஒருவர் எகிப்துக்குக் கப்பலில் ஒயின் கொண்டுபோய் விற்றவர். ஊர் அரசியல் சண்டையில் சாஃபோ சில காலம் சிசிலிக்கு நாடு கடத்தப்பட்டார்.

யாழ் மீட்டிப் பாடுவதற்காக எழுதியவர் அவர். சாஃபிக் பாவில் முதல் மூன்று அடிக்குத் தலா 11 அசை, கடைசி அடிக்கு 5 மட்டும். நம்ம வெண்பாவிலும் கடைசி அடி ஒரு சீர் குறைந்து சட்டென்று நிற்குமே, கிட்டத்தட்ட அந்த எஃபெக்ட். மாமல்லபுரத்துக்காரரான பூதத்தாழ்வாரின் 100 பாசுரங்களும் வெண்பாதான். செங்கல்பட்டு பக்கத்துக் களத்தூர் புகழேந்திப் புலவரோ வெண்பாவுக்கென்றே பெயர் வாங்கியவர். ஆனாலும் வெண்பாவுக்கு நாம் அவர் பெயரை வைக்கவில்லை. சாஃபோவுக்கு அது நடந்தது. ரோமில் ஹொரேஸ் போன்ற ஆண் கவிஞர்கள் அதே பாவில் எழுதினார்கள், அந்தப் பெயரோடு யாருக்கும் பிரச்னை இல்லை.

பிரச்னை காதலில்தான். அத்திஸ், அனக்டோரியா என்று பெண்களின் பெயர் சொல்லியே ஏங்கிப் பாடியவர் சாஃபோ. பிற்காலத்தினர் அவருக்கு ஃபாவோன் என்ற படகோட்டிக் காதலனை ஜோடி சேர்த்து, அவனுக்காக மலை உச்சியிலிருந்து குதித்தார் என்று கதை கட்டினார்கள். 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்கள் சிலர் அவரைக் கண்ணியமான டீச்சராக்கினார்கள்.

அலெக்சாண்ட்ரியா நூலகத்தில் 9 தொகுதிகளாக இருந்த பாடல்களில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 650 வரிகள். அதிலும் பல, எகிப்தின் பழைய குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் துண்டுகள். முழுசாகக் கிடைப்பது ஒரே பாட்டு, காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியிடம் வைக்கும் வேண்டுதல். அதுவும் சாஃபிக் பாவில்தான். ஏங்குவது ஒரு பெண்ணுக்காக என்பதைக் காட்டுவது ஒரே ஒரு சொல்லின் பெண்பால் விகுதி. 1711-ல் ஆம்ப்ரோஸ் ஃபிலிப்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த 'அவள்', 'அவன்' ஆகிவிட்டாள்! ஆங்கிலத்தில் 'சாஃபிக்' என்ற சொல் காதலையும் குறிக்க ஆரம்பித்தது பிற்காலத்தில்தான்.

சண்டை இன்னும் ஓயவில்லை. 2008-ல் லெஸ்போஸ்காரர்கள் மூன்று பேர், 'லெஸ்பியன்' என்றால் எங்கள் தீவுக்காரர் மட்டும்தான் என்று ஏதென்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மனு தள்ளுபடி. அதற்கு 9 வருடம் முன்பே கொல்கத்தாவில், பெண்களைக் காதலிக்கும் பெண்கள் சிலர் தங்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர், சாஃபோ.