பஸ்டர் கீட்டன்

பஸ்டர் கீட்டன் (அக்டோபர் 4, 1895 – பெப்ரவரி 1, 1966) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நகைச்சுவை நடிகரும் திரைப்பட இயக்குனரும் ஆவார். இவரது இயற்பெயர் ஜோசப் பிராங்க் கீட்டன். பேசாப்படக் கால நகைச்சுவைக் கலைஞர்களுள் சார்லி சாப்ளின், ஹரால்ட் லாய்ட் ஆகியோருடன் ஒருங்கே வைத்து எண்ணப்படுபவர். எத்தகைய இடரிலும் சிரிக்காத முகம் இவரது தனி அடையாளம். மறக்கப்பட்டுக் கிடந்த தமது படங்கள் மீண்டும் திரையரங்குகளில் ஓடியதை வாழ்நாளின் இறுதியில் இவர் நேரில் கண்டார்.

இளமை

கன்சாஸ் மாநிலத்திலுள்ள பிக்குவா என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஜோ, மைரா இருவரும் ஊர் ஊராகச் சென்று மேடை நிகழ்ச்சி நடத்தியவர்கள். கீட்டனும் சிறு குழந்தையாக இருக்கும்போதே மேடையேறினார். தந்தை மகனைத் தூக்கி மேடையின் குறுக்கே எறிவதே இக்குடும்பத்தின் பெயர் பெற்ற வேடிக்கை. குழந்தை வதைக்கப்படுவதாகச் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்தினர் பலமுறை தலையிட்டனர். அடிபடாமல் விழுவதையும், விழுந்தபின் தான் சிரிக்காதிருந்தால் அவையோர் கூடுதலாகச் சிரிப்பர் என்பதையும் இவர் அங்கேயே கற்றுக்கொண்டார். பஸ்டர் என்னும் பெயரை மாயவித்தைக் கலைஞர் ஹூடினி சூட்டியதாக ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் பலர் இதனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

திரைப்படங்கள்

1917 இல் நியூயார்க்கில் நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளைச் சந்தித்ததன் வழியாகத் திரைத்துறைக்கு வந்தார். 1918 இல் படைவீரராகப் பிரான்சுக்குச் சென்றபோது இவரது செவித்திறன் குறைந்தது. 1920 முதல் தமது சொந்தப் படப்பிடிப்பு நிலையத்தில் 19 குறும்படங்களையும், 1923 தொடங்கி 1928 வரை பத்து முழுநீளப் படங்களையும் உருவாக்கினார்.

1924 இல் வெளிவந்த ஷெர்லாக் ஜூனியர் திரையரங்கைப் பற்றிய படமாகும். படம் ஓட்டும் இளைஞன் ஒருவன் உறங்கிப்போகிறான். கனவில் இருக்கைகளைக் கடந்து சென்று திரைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறான். இப்படத்தில் தொடர்வண்டிக்கு நீர் நிரப்பும் குழாயிலிருந்து கொட்டிய நீர் தாக்கியதில் கீட்டனின் கழுத்தெலும்பு முறிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில்தான் அது தெரியவந்தது.

இவரது தலைசிறந்த படைப்பாகப் பெரும்பாலோர் கருதுவது தி ஜெனரல் (1926). 1862 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நடந்த தொடர்வண்டிக் கடத்தலைத் தழுவியது. ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் பகுதியில் படமாக்கப்பட்டது. எரியும் பாலத்தின் மேல் செலுத்தப்பட்டு ஆற்றில் விழும் நீராவி இயந்திரம் உண்மையானது, மாதிரி அன்று. ஒரே முறைதான் எடுக்க இயலும் என்பதால் பல படக்கருவிகள் நிறுத்தப்பட்டன.

கீட்டன் பெரிய திரைக்காகவே காட்சிகளை அமைத்தவர். தந்திரம் ஏதுமில்லை என்பதைப் பார்வையாளர் காணவேண்டும் என்பதற்காகப் படக்கருவியைத் தொலைவில் வைத்து, வெட்டாமல் எடுப்பார். காதலில் தோற்றுச் சோர்ந்துபோன ஓட்டுநர் இயந்திரச் சக்கரங்களை இணைக்கும் தண்டின் மேல் அமர்ந்திருக்க, வண்டி நகரத் தொடங்கி அவரை மேலும் கீழுமாகச் சுமந்து செல்லும். சிறு திரையில் இந்த உருவம் ஒரு புள்ளியாகிவிடுகிறது. பெரிய திரையிலோ ஆளின் அசைவின்மையும் இயந்திரத்தின் அளவும் ஒருசேரக் கண்ணில் படும். நகைச்சுவையே அந்த ஒப்பீட்டில்தான் உள்ளது.

ஆயினும் வெளிவந்த காலத்தில் இப்படம் எதிர்பார்த்த வருவாயை ஈட்டவில்லை. விமர்சகர் பலரும் குறை கூறினர்.

வீழ்ச்சி

1928 இல் எம்ஜிஎம் நிறுவனத்தில் சேர்ந்தபின் படைப்புரிமையைப் படிப்படியாக இழந்தார். மதுப்பழக்கம் முற்றியது. 1932 இல் முதல் மனைவி நடாலி டால்மட்ஜ் மணமுறிவு பெற்றார். 1933 இல் நிறுவனம் இவரை நீக்கியது. பின்னர் அதே நிறுவனத்தில் பிறருடைய படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதிக் கொடுத்து வாழ்ந்தார். 1940 இல் எலினோர் நோரிசை மணந்தார். இத்திருமணம் இறுதிவரை நிலைத்தது.

மீண்டும் திரையரங்குகளில்

1949 இல் லைஃப் இதழில் ஜேம்ஸ் ஏஜி எழுதிய கட்டுரை பேசாப்பட நகைச்சுவையாளர்களை மக்களுக்கு நினைவூட்டியது. கீட்டனின் பழைய மாளிகையில் பின்னர் குடியேறிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே கிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார். பழைய நைட்ரேட்டுச் சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை; தீப்பற்றாவிடினும் நாளடைவில் சிதைபவை. லாஸ் ஏஞ்சலசில் திரையரங்கு நடத்திய ரேமண்ட் ரோஹாவர் 1954 முதல் கீட்டனுடன் சேர்ந்து இவற்றைப் படியெடுக்க முனைந்தார். உரிமை தொடர்பான வழக்குகளால் ரோஹாவர் பலருடைய வெறுப்புக்கு ஆளானவர். எனினும் படங்கள் பிழைத்ததில் அவருக்குள்ள பங்கை மறுக்க இயலாது.

1960 இல் கீட்டனுக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. 1962 இல் தி ஜெனரல் மேற்கு ஜெர்மனித் திரையரங்குகளில் மீண்டும் வெளியிடப்பட்டபோது கீட்டன் அங்கு சுற்றுப்பயணம் மேற்கொண்டார். முதல் வெளியீட்டின்போது பிறந்தேயிராத இளைஞர்கள் அரங்குகளில் சிரித்தனர். 1965 இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அவையோர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கலிபோர்னியாவில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

1989 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 25 படங்களுள் தி ஜெனரலும் ஒன்று. 1987 இல் கார்ல் டேவிஸ் இதற்குப் புதிய இசை அமைத்தார். இத்தாலியின் போலோக்னா திரைப்படக் காப்பகம் 2015 இல் கீட்டன் படங்களை மீட்டமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வாத்தியக் குழு திரைக்கு முன்னமர்ந்து இசைக்க இப்படங்களைத் திரையிடுவதும் பல நாடுகளில் வழக்கமாகியுள்ளது.