அணை உடைத்த கை கிப்சன்

லேத்தில் ஜாப் சுற்றுவதைத் தினமும் பார்க்கிறோம். சுற்றிக்கொண்டே தண்ணீர்மேல் தத்திப் போகும் குண்டு என்று படித்ததும் எனக்குத் தூக்கமே போச்சு!

அந்தக் குண்டோடு போன பிரிட்டிஷ் விமானிகளின் தலைவர் கை கிப்சன், 1918-ல் நம் சிம்லாவில் பிறந்தவர். 1943 மே 16 இரவு 19 லங்காஸ்டர் விமானங்களோடு ஜெர்மனி அணைகளை உடைக்கக் கிளம்பினார். குண்டு நிமிடத்துக்கு 500 தடவை பின்பக்கமாகச் சுழலணும். விமானம் நீருக்கு 60 அடி மேலே பறக்கணும். இருட்டில் உயரத்தை எப்படி அளப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்கு. இரு வெளிச்சமும் நீரில் ஒன்றுசேர்ந்தால் 60 அடி. அவ்வளவுதான்!

மோனே அணையில் கிப்சன் போட்ட குண்டு பலிக்கலை. ஆனாலும் திரும்பாமல், அடுத்து வந்தவர்களின் பக்கத்திலேயே பறந்து பீரங்கிச் சூட்டைத் தன் பக்கம் இழுத்தார். மோனே, ஏடர் இரண்டும் உடைந்தன. 8 விமானங்கள் திரும்பலை. விமானப்படையினர் 53 பேர் போனார்கள். கீழே வெள்ளத்தில் மாண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அதில் பலர் கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட வெளிநாட்டார். இதைப் படித்தபின் கிப்சனை ஹீரோ என்று எழுத என் கை தயங்குது.

அப்புறம் மேஜை வேலை. அப்போதுதான் தன் அனுபவங்களை ‘எனிமி கோஸ்ட் அஹெட்’ என்று புத்தகமாக எழுதினார். மேஜை பிடிக்காமல் மறுபடி பறக்கக் கேட்டார். 1944 செப்டம்பர் 19-ல் ஹாலந்தில் விமானம் விழுந்து இறந்தபோது வயசு 26. புத்தகம் வந்தது 1946-ல்.