நடனமாட வந்தவர்களை மரம் நட வைத்தவர்

கூலி கொடுக்காமல், சட்டம் காட்டி மிரட்டாமல் ஊர் மக்களை மரம் நட வைக்க முடியுமா? முடியும் என்று 100 ஆண்டுகளுக்கு முன்பே கென்யாவில் ஒரு வனத்துறை அதிகாரி செய்து காட்டினார். அவர் பெயர் ரிச்சர்ட் செயின்ட் பார்ப் பேக்கர். மரக்கன்று நடும் விழாவுக்கு ஆள் வருகிறார்கள், நட்ட பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று வருந்துபவரா நீங்கள்? அப்படியானால் இவருடைய கதை உங்களுக்குப் பயன்படும்.

பேக்கர் 1889-ல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் பிறந்தார். அப்பா நாற்றங்கால் வைத்திருந்தவர். விதை போடுவதும் கன்று எடுத்து நடுவதும் சிறு வயதிலேயே அவருக்குக் கை வந்த வேலை. 20 வயதை ஒட்டிக் கனடாவுக்குப் போய், சஸ்காச்சுவான் மாநிலத்தில் படித்துக்கொண்டே குடியேற்ற நிலம் ஒன்றையும் பார்த்துக்கொண்டார்.

அங்கே கண்டதுதான் அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது. பரந்த புல்வெளி நிலத்தில் புதிதாகக் குடியேறியவர்கள், இருந்த கொஞ்ச நஞ்சம் புதர்களையும் மரங்களையும் வெட்டிவிட்டு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமைக்காக உழுதார்கள். காற்றைத் தடுக்க எதுவும் மிஞ்சவில்லை. உழுத நிலத்தின் மேல்மண் காற்றோடு போனது. மரம் வெட்டும் முகாமில் வேலை பார்த்தபோது, வெட்டிய மரத்திலும் பெரும்பகுதி வீணாவதைக் கண்டார். வனவியல் படிப்பது என்று முடிவு செய்தார். இடையில் முதல் உலகப் போர் வந்தது. பிரான்சில் போரிட்டுக் காயம்பட்டார். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் வனவியல் படித்து, 1920-ல் கென்யாவில் உதவி வனப் பாதுகாவலராகச் சேர்ந்தார்.

அப்போது கென்யா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. மேட்டு நிலங்களில் வாழ்ந்த கிகுயு மக்கள் காட்டின் ஒரு பகுதியைத் திருத்திச் சில ஆண்டுகள் பயிர் செய்வார்கள். மண் களைத்ததும் அதை விட்டுவிட்டு வேறு இடம் போவார்கள். விட்ட நிலத்தில் மறுபடி மரம் முளைக்கும். நிலம் நிறைய இருந்த வரை இது சரியாகவே நடந்தது. வெள்ளைக்காரர்கள் நல்ல நிலங்களை எடுத்துக்கொண்டதும் இவர்கள் குறுகிய பகுதிக்குள் அடைபட்டார்கள். நிலத்தை ஓய்வுக்கு விட இடமில்லை. ஆடுகள் துளிரை மேய்ந்தன. சரிவுகளில் மண் அரித்தது.

காட்டைத் திரும்பக் கொண்டுவரும் வேலை பேக்கருடையது. அரசிடமிருந்து போதிய பணமோ ஆளோ கிடைக்கவில்லை. அதனால் ஊர்ப் பெரியவர்களிடம் போனார். மரம் நடுவது மனிதர் வேலையல்ல, கடவுளின் வேலை என்றார்கள் அவர்கள். பெரிய மரம் விதை போடும், குட்டி மரம் தானே வரும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். பேக்கர் அந்த நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. தாய்மரங்களையே வெட்டிவிட்டால் விதை எங்கிருந்து வரும் என்பதை மட்டும் அவர்களோடு பேசினார்.

கிகுயு மக்களிடம் விதைப்புக்கும் அறுவடைக்கும் நடனம் உண்டு. அவரைக்கும் சோளத்துக்கும் நடனம் இருக்கும்போது மரத்துக்கு ஏன் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அந்த மக்களின் தலைவர்களில் ஒருவரான ஜோசையா நஜோன்ஜோ துணை நின்றார். 1922 ஜூலை 22 அன்று நைரோபிக்கு அருகே முகுகாவில் மர நடனம் நடந்தது. சுமார் 3,000 இளைஞர்கள் திரண்டார்கள்.

அவர்கள் எல்லோரையும் அன்றே குழி தோண்டச் சொல்லவில்லை பேக்கர். தொண்டர்களாக 50 பேர் மட்டும் முன்வரும்படி கேட்டார். வந்தவர்கள் கடவுள் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார்கள்: ஆண்டுக்கு 10 மரம் நட வேண்டும், எங்கே மரம் இருந்தாலும் அதைக் காக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 பேருக்கு ஆண்டுக்கு 500 கன்றுதான். ஆனால் ஒருவருக்குப் 10 கன்று என்பது தண்ணீர் ஊற்றி, ஆடு கடிக்காமல் காப்பாற்றக் கூடிய அளவு. ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் நட்டுவிட்டுப் போவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். அந்தக் குழுவுக்கு மரங்களின் மனிதர்கள் என்று பெயர் வந்தது.

விதையை வெளியிலிருந்து வரவழைக்காமல், அங்கேயே வளரும் சீடர், காட்டு ஒலிவ மரம் போன்றவற்றைப் பெருக்கினார்கள். மக்காச்சோளம் போன்ற உணவுப் பயிர்களுக்கு இடையிலேயே கன்றுகளை நடும் முறையையும் பேக்கர் கொண்டுவந்தார். பயிருக்குக் களை எடுக்கும்போது கன்றுக்கும் களை எடுத்தது போலாகும். உழவருக்கு முதல் ஆண்டுகளில் சாப்பாட்டுக்கு விளைச்சல் நிற்காது. அவர் நிலத்தை மாற்றும்போது அங்கே கன்று மரமாகத் தலைதூக்கியிருக்கும். பர்மாவில் 19-ம் நூற்றாண்டில் தேக்குக்குப் பயன்பட்ட தாங்யா முறையும் இதே வகைதான். இன்று வேளாண் காடு வளர்ப்பு என்று நீங்கள் கேள்விப்படுவதன் முன்னோடிகள் இவை.

காலனி ஆட்சியின் அதிகாரியாக இருந்தும், ஆப்பிரிக்கர் ஒருவரை மேலதிகாரி அடிக்க வந்தபோது பேக்கர் குறுக்கே நின்று தடுத்தார். இப்படிப்பட்டவருக்கு அரசு வேலை நிலைக்கவில்லை. கென்யாவுக்குப் பிறகு நைஜீரியாவிலும் வனத்துறையில் இருந்தார். பிறகு எந்தப் பதவியும் இல்லாமலே உலகம் சுற்றினார். 1924-ல் இங்கிலாந்தில் அவர் தொடங்கிய அமைப்பு, பன்னாட்டு மர அறக்கட்டளை என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளைக் காக்க உழைத்தார். 1952-53-ல் சஹாரா பாலைவனத்தின் வழியே ஆய்வுப் பயணம் போனார். 70 வயதைத் தாண்டிய பிறகு நியூசிலாந்தில் குதிரையேறிப் பள்ளி பள்ளியாகப் போய் மரத்தைப் பற்றிப் பேசினார். நம் நாட்டின் சிப்கோ இயக்கத்துக்கும் முதுமையில் ஆதரவாக நின்றார்.

1982 ஜூனில், தான் படித்த சஸ்காச்சுவான் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மரம் நட்டார். சில நாட்களில், ஜூன் 9 அன்று, 92 வயதில் அதே ஊரில் காலமானார்.

நடனம் நடந்த முகுகாவில் இன்று கென்யாவின் வனவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதே கிகுயு மண்ணில் பிறந்த வங்காரி மாத்தாய், 1977-ல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிக் கிராமப் பெண்களைக் கொண்டு மரம் நட வைத்து, 2004-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார்.

இந்த மழைக்காலத்தில் உங்கள் தோட்டத்துக்குத் தொண்டர்கள் வருவதாக இருந்தால், எத்தனை கன்று நடுவார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அடுத்த கோடையில் எந்தப் பத்துக் கன்றுக்கு யார் பொறுப்பு என்று பெயர் எழுதிக் கொள்ளுங்கள். விரிவாக்கப் பணியில் இருப்பவர் என்றால், ஊரில் ஏற்கெனவே என்ன திருவிழா, என்ன கூட்டம் நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். கன்றை அங்கே கொண்டு போங்கள்.